கேம் வாங்கினால் இன்னொரு கடையிலும் கணக்குத் திறக்கணுமா? கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இதே இடத்தில் எட்டு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். அன்றைக்கு மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து விளையாடிய பையன்கள் இன்று சம்பளம் வாங்குகிறார்கள், காசு கொடுத்து கேம் வாங்குகிறார்கள். தீபாவளி ஆஃபர், கோடை ஆஃபர் முடிந்த வாரம் கடைக்கு வந்து ஒரே புலம்பல்: “அண்ணாச்சி, வாங்கினது ஒரு இடத்துல, இப்ப வேற எவனோ அக்கவுண்ட் திறன்னு சொல்லுதான். ரூபாயத் திரும்ப வாங்க முடியுமா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே இருப்பது புகார் கொடுக்கப் போகிற ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுதான்.

மூன்றாம் தரப்புக் கணக்கு என்றால் என்ன?

கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கேம் வாங்குகிறீர்கள். ஸ்டீம் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் ஒரு தரப்பு, கடை இன்னொரு தரப்பு. கேமைத் திறந்தால் அதை வெளியிட்ட நிறுவனம் “எங்களிடமும் ஒரு கணக்குத் திற” என்கிறது. அதுதான் மூன்றாம் தரப்பு. யுபிசாஃப்ட் கேமுக்கு யுபிசாஃப்ட் கனெக்ட், ஜிடிஏ ஐந்துக்கு ராக்ஸ்டார் கணக்கு, இஏ கேமுக்கு இஏ ஆப், சோனி கேம் சிலவற்றுக்கு அவர்களுடைய பிளேஸ்டேஷன் கருவியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு. சிலது மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்பதோடு நிற்கும். சிலது லாஞ்சர் என்று தனி மென்பொருளையே உங்கள் சிஸ்டத்தில் இறக்கி வைக்கும்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

நிறுவனங்கள் சொல்லும் காரணம்: பிளேஸ்டேஷனில் ஆடுபவரும் பிசியில் ஆடுபவரும் ஒன்றாக விளையாட ஒரு பொது அடையாளம் வேண்டும், ஏமாற்றி ஆடுபவனைத் தடை செய்ய வேண்டும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சொல்லாத காரணம்: கடைக்காரனை நம்பி இல்லாமல் வாடிக்கையாளரின் மின்னஞ்சலும் பழக்கவழக்கமும் நேராகக் கையில் இருந்தால் அடுத்த கேமை விற்பது சுலபம். பலர் சேர்ந்து ஆடும் கேமுக்கு முதல் காரணம் பொருந்தும். தனியாக உட்கார்ந்து கதை ஆடும் கேமுக்கு எதற்கு என்று கேட்டால் நிறுவனத்திடம் நல்ல பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

வாங்கி மூன்று மாதம் ஆடிய பிறகு திடீரென்று கணக்குக் கேட்கலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இது உண்மையில் நடந்திருக்கிறது.

ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் 2024 பிப்ரவரி 8 அன்று பிளேஸ்டேஷன் 5-க்கும் பிசிக்கும் வந்தது. செய்தது சுவீடனின் ஆரோஹெட் ஸ்டூடியோ, வெளியிட்டது சோனி. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு வேண்டும் என்ற வரி ஸ்டீமின் விற்பனைப் பக்கத்தில் இருந்தது. ஆனால் வெளியான நாட்களில் சர்வர் தள்ளாடியதால் அந்தப் படியைத் தாண்டிப் போக விட்டார்கள். திரையில் கணக்கை இணைக்கச் சொல்லும், பக்கத்திலேயே “பிறகு” என்று ஒரு வழியும் இருக்கும். லட்சக்கணக்கானவர்கள் அதை அமுக்கிவிட்டு மூன்று மாதம் ஆடினார்கள்.

2024 மே 3 அன்று சோனி அறிவித்தது: புதிதாக வருபவர்கள் மே 6 முதல் கணக்கை இணைக்க வேண்டும், ஏற்கெனவே ஆடுபவர்களுக்கு ஜூன் 4 வரை அவகாசம். எரிச்சலுக்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகின் பல நாடுகளில் அதிகாரபூர்வமாக இல்லவே இல்லை. அந்த நாடுகளிலும் இந்த கேமை விற்றுக் காசு வாங்கியிருந்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு 170-க்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளில் ஸ்டீமில் விற்பனையே நின்றது. அங்கே ஏற்கெனவே வாங்கியவன் எங்கே போவான்? இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை மதிப்புரைகள் ஸ்டீமில் விழுந்தன. பல மணி நேரம் ஆடியவர்களில் சிலருக்கும் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்ததாக ஆடியவர்களே பதிவிட்டார்கள். மே 6-க்குள் சோனி கட்டாயத்தைக் கைவிட்டது. அந்த மதிப்புரை வரைபடம் தலைகுப்புற விழுந்த வடிவத்தையே மேலங்கியாகத் தைத்து ஆரோஹெட் கேமுக்குள் வைத்தது தனி வேடிக்கை.

இதை நம் ஊர் ஆட்களுக்கு நான் கல்யாண மண்டபத்தை வைத்துத்தான் விளக்குவேன். “சமையல் எங்கள் ஆள்தான்” என்ற நிபந்தனையோடு மண்டபங்கள் உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே சொன்னால், பிடிக்காதவர் அடுத்த மண்டபம் பார்ப்பார். யாருக்கும் வழக்கில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி, காய்கறி வெட்டி இலைக்கட்டு இறங்கிய பிறகு சொன்னால்? நிபந்தனை ஒன்றேதான், சொன்ன நேரம் வேறு. ரீஃபண்ட் கேட்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: விற்கும்போதே சொன்னானா, விற்ற பிறகு சொன்னானா? ஹெல்டைவர்ஸ் விஷயம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பில்லின் பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள், ஆனால் மூன்று மாதம் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

இதற்கு முன்னால் இப்படி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. மைன்கிராஃப்ட் வாங்கியவர்கள், அதைச் செய்த மோஜாங் நிறுவனத்தின் பழைய கணக்கை மைக்ரோசாஃப்ட் கணக்காக மாற்ற வேண்டி வந்தது. கடைசி நாள் 2023 செப்டம்பர் 19. பத்து வருடம் முன்னால் வாங்கி, பழைய மின்னஞ்சலை மறந்துபோனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ராக்கெட் லீக் கேமைச் செய்த ஸ்டூடியோவை எபிக் நிறுவனம் வாங்கிய பிறகு 2020 செப்டம்பரில் அது இலவச கேமானது, எபிக் கணக்கு கட்டாயமானது. அதே ஆண்டு தொடக்கத்தில் மேக், லினக்ஸ் கணினிகளுக்கு ஆதரவை நிறுத்தியபோது அந்தக் கணினிகளில் ஆடியவர்களுக்கு ரீஃபண்ட் தரவும் செய்தார்கள். “விற்ற பொருளை மாற்றினால் காசு திரும்ப வேண்டும்” என்று யாராவது வாதாடினால் நான் காட்டும் முன்னுதாரணம் அது.

இந்தியாவில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இருக்கிறதே, நமக்கு என்ன?

இருக்கிறது. இங்கிருந்து தாராளமாகக் கணக்குத் திறக்கலாம். ஆனால் நெல்லைச் சீமைக்குத் தொப்புள்கொடி கடலுக்கு அப்பாலும் உண்டு. கொழும்பில் இருக்கும் உறவுக்காரப் பையனோடு சேர்ந்து ஆட வாங்கினேன் என்று டவுனிலிருந்து ஒரு தம்பி வந்தான். பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அதிகாரபூர்வமாக இல்லாத நாடுகளில் இலங்கையும் ஒன்று. இவனுக்கு அக்கவுண்ட் இரண்டு நிமிட வேலை. அவனுக்கு வழியே இல்லை. இரண்டு பேரும் ஒரே விலைப்பொருளைத்தான் வாங்கியிருந்தார்கள்.

வேறு நாட்டின் பெயரைப் போட்டுத் திறந்தால் என்ன?

திறக்கும். ஆனால் பொய்த் தகவல் கொடுப்பது நிபந்தனைக்கு விரோதம், என்றைக்காவது கணக்கை முடக்கினால் பேச வாய் இருக்காது. பிளேஸ்டேஷன் கணக்கில் ஒருமுறை போட்ட நாட்டை அப்புறம் மாற்றவும் முடியாது.

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வேறு மாதிரி வரும். வாப்பா துபாயில் இருப்பார். விடுமுறைக்கு அங்கே போனபோது அவர் கார்டைப் போட்டு அமீரகக் கணக்காகத் திறந்திருப்பார்கள். ஊருக்கு வந்த பிறகு இந்திய கார்டு அதில் ஏறாது. ஸ்டீமில் நாட்டை மாற்றலாம், ஆனால் புது நாட்டின் கட்டண வழியில் ஏதாவது வாங்கினால்தான் மாறும், அடிக்கடி மாற்றவும் விடாது. பிளேஸ்டேஷனில் புதுக் கணக்குத் திறப்பதே வழி. பழைய கணக்கில் வாங்கியது பழைய கணக்கிலேயே கிடக்கும்.

வாங்குவதற்கு முன்னால் எங்கே பார்க்க வேண்டும்?

ஸ்டீமில் கேம் பக்கத்தின் வலது ஓரம், மொழிப் பட்டியலை ஒட்டி, “மூன்றாம் தரப்புக் கணக்கு தேவை” என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எந்தக் கணக்கு என்றும் அதிலேயே போட்டிருக்கும். ஃபோனில் பார்த்தால் அது கீழே இறங்கிவிடும், விலையை மட்டும் பார்த்து வாங்குபவன் கண்ணில் படாது. வாங்கும் நேரத்தில் அந்தப் பெட்டியோடு பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெட்டி இல்லை என்றால் கட்டாயம் எடுங்கள். நாளைக்குப் பக்கத்தை அவர்கள் மாற்றலாம், உங்கள் படத்தை மாற்ற முடியாது.

எந்தக் கடையில் ரீஃபண்ட் விதி எப்படி?

ஸ்டீம்: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் காரணம் பார்க்காமல் தருவார்கள். 2015 ஜூனிலிருந்து இந்த விதி. எபிக் கடையிலும் ஏறத்தாழ இதே விதி. மைக்ரோசாஃப்டும் 14 நாள் தருகிறது, ஆனால் ஆடிய நேரம் கணிசமாக இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

பிளேஸ்டேஷன் கடைதான் கறார். 14 நாளுக்குள், அதுவும் டவுன்லோட் தொடங்காமல் இருந்தால் மட்டும். பொருள் பழுதாக இருந்தால் விதிவிலக்கு. வாங்கின கையோடு டவுன்லோட் பட்டனை அமுக்குவது எல்லோருக்கும் பழக்கம், அதனால் அந்த விதி பாதிப் பேருக்குப் பிரயோஜனம் இல்லை.

இவற்றில் தாராளம் ஜிஓஜி என்ற இணையக் கடை. விளையாடிப் பார்த்த பிறகும் 30 நாள் வரை கேட்கலாம்.

கேமே திறக்கவில்லை. ஆனால் “இரண்டு மணி நேரம் ஆடிவிட்டாய்” என்று காட்டுகிறதே?

இது எனக்கே நேர்ந்தது. கேமின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம்.

போன தீபாவளிக்கு அக்கா மகன் கேட்டான் என்று ஒரு கார் ரேஸ் கேம் வாங்கினேன். தொண்ணூறு ஜிபிக்கு மேல். ராத்திரி டவுன்லோட் போட்டுப் படுத்தால் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் யூபிஎஸ் கத்துகிறது. விடிந்து மீதியும் இறங்கியது. பையன் இட்லியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தான். திறந்தால் கேம் வரவில்லை, வேறொரு கம்பெனியின் லாஞ்சர் வந்தது. அது முதலில் தன்னையே புதுப்பித்துக்கொண்டது. பிறகு கணக்குத் திறக்கச் சொன்னது. மின்னஞ்சல், பிறந்த தேதி, கடவுச்சொல். சரிபார்ப்புக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. வரவில்லை. மறுபடி அனுப்பு. வரவில்லை. ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று குறியீடுகள் வரிசையாகக் கிடக்கின்றன, மூன்றும் காலாவதி. நாலாவதைப் போட்டால், அதிக முறை முயன்றுவிட்டாய், சற்றுப் பொறுத்து வா என்கிறது. சரி, பொறுக்கிறோம் என்று லாஞ்சரை அப்படியே திறந்து வைத்துவிட்டு நான் கடை ஷட்டரைத் தூக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் “விளையாடிய நேரம் 1 மணி 47 நிமிடம்.” ஒரு காரின் சக்கரத்தைக்கூடப் பையன் பார்க்கவில்லை. “மாமா, நான் ஆடவே இல்லையே, இது என்ன கணக்கு?” என்றான். கடையின் கண்ணுக்கு லாஞ்சர் ஓடினாலும் கேம் ஓடினாலும் ஒன்றுதான். ஸ்டீம் உள்பட, லாஞ்சர் திறந்து கிடக்கும் நேரமும் அந்த கேமின் நேரமாகத்தான் ஏறும். இன்னும் பதின்மூன்று நிமிடம் அசந்திருந்தால் என் ரூபாய்க்கு யாரிடமாவது கெஞ்ச வேண்டி வந்திருக்கும். லாஞ்சரை மூடி, அந்த நிமிடமே ரீஃபண்ட் போட்டேன். ஐந்தாம் நாள் கார்டுக்குப் பணம் வந்தது.

ஆகவே, கணக்குத் தகராறு செய்தால் லாஞ்சரைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். முதலில் மூடுங்கள். முடிந்தால் கேம் வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் தளத்தில் கணக்கைத் திறந்து, குறியீடெல்லாம் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கணக்குத் திறக்கக் காசு இல்லை.

ரீஃபண்ட் கேட்கும்போது என்ன எழுதுவது?

ஸ்டீமில் உதவிப் பகுதிக்குப் போய் வாங்கியவற்றின் பட்டியலில் கேமைத் தேர்ந்தெடுத்து, பணம் திரும்ப வேண்டும் என்பதை அமுக்கினால் ஒரு படிவம் வரும். குறிப்பு எழுத இடம் இருக்கும். அங்கே நான்கு பக்கம் கோபத்தைக் கொட்ட வேண்டாம். மூன்று வரி போதும்: எந்தத் தேதியில் வாங்கினேன், எந்தத் திரையைத் தாண்டி போக முடியவில்லை, காட்டும் நேரம் முழுவதும் லாஞ்சரில் போனது. கட்டாயம் பிறகு வந்தது என்றால் அறிவிப்பு வந்த தேதியையும் எழுதுங்கள். எளிய ஆங்கிலம் போதும், இலக்கணம் பார்த்து யாரும் நிராகரிப்பதில்லை.

பணம் கொடுத்த வழிக்கே திரும்ப வேண்டுமா, ஸ்டீம் வாலட்டுக்கு வேண்டுமா என்று கேட்கும். வாலட்டுக்குப் போனால் அதைக் காசாக வெளியே எடுக்க முடியாது. சில கட்டண வழிகளுக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்றால் வாலட்டுக்குத்தான் வரும்.

நேரமும் நாளும் தாண்டிவிட்டது. விட்டுவிடுவதா?

விட வேண்டாம், கேளுங்கள். விதிக்கு வெளியே வரும் விண்ணப்பத்தையும் பார்ப்போம் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. ஒருமுறை மறுத்தாலும் மறுபடி போடலாம், அடுத்த முறை வேறு ஆள் பார்க்கக் கூடும். விற்ற பிறகு வந்த நிபந்தனை என்றால் உங்கள் பக்கம் நியாயம் கனமாக இருக்கிறது. விற்கும்போதே பெட்டியில் போட்டிருந்து, நாற்பது மணி நேரம் ஆடிவிட்டு இப்போது கணக்குப் பிடிக்கவில்லை என்றால், தம்பி, என்னிடமே அது எடுபடாது.

பேங்கில் சொல்லிப் பணத்தை இழுத்துவிடலாமா?

கடைசி வழியாகக்கூட நான் சொல்ல மாட்டேன். கார்டு கட்டணத்தைப் பேங்க் மூலம் மறுத்தால் ஸ்டீம் போன்ற கடைகள் கணக்கைப் பூட்டிவிடும். இரண்டாயிரம் ரூபாய் கேமுக்காக வருடக்கணக்கில் சேர்த்த நாற்பது கேமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். நீங்கள் வாங்காத ஒன்றுக்குப் பணம் போயிருந்தால் மட்டும் பேங்க்.

நம் நாட்டுச் சட்டம் கேமுக்கெல்லாம் வருமா?

வரும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் மின்வணிகம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருட்களும் அடக்கம். அதே மாதம் வந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் பதிவு இல்லாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்கின்றன. புகார் போட்டால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரம் செய்தபடி பொருள் இல்லை என்றால் விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்பதும் விதியில் உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள். இணையத்தில் வாடிக்கையாளரைத் தந்திரமாக வளைக்கும் 13 வகை உத்திகளை அது பட்டியல் போட்டுத் தடுக்கிறது. அதில் ஒன்று கட்டாயச் செயல்: ஒரு பொருளை வாங்க வந்தவரைத் தொடர்பில்லாத வேறு சேவையில் பதிவுசெய்ய வைப்பது, அல்லது தனிப்பட்ட தகவலைக் கொடுக்க வைப்பது.

நிறுவனம் இங்கே “தொடர்பில்லாத” என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். எங்கள் கேம், எங்கள் கணக்கு, இது எப்படித் தொடர்பில்லாதது என்று கேட்கும். பலர் சேர்ந்து ஆடும் கேமில் அந்த வாதம் நிற்கும் என்றே நினைக்கிறேன். தனியாள் கேமில் ஆட்டம் காணும். காட் ஆஃப் வார் ரக்னராக் தனியாள் கேம். 2024 செப்டம்பரில் பிசிக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்றார்கள். 2025 ஜனவரியில் சோனியே அதையும் வேறு சில கேம்களையும் விருப்பம் என்று மாற்றி, கணக்கை இணைத்தால் உடை, புள்ளி போன்ற சலுகை தருகிறோம் என்றது. கணக்கு இல்லாமல் ஓடாது என்று நேற்றுவரை சொன்ன பொருள் இன்று ஓடுகிறது என்றால், அது தேவைக்காக வைத்த நிபந்தனை இல்லை என்று நீங்கள் வாதாடலாம்.

புகார் எங்கே கொடுப்பது? திருநெல்வேலியிலேயே முடியுமா?

முதலில் கடையின் உதவிப் பக்கம், பதிலைச் சேமித்து வையுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். வாட்ஸ்அப்பில் 8800001915. இவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை, நிறுவனத்துக்கு எழுதிப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். காசு செலவில்லை, அதனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் போட வேண்டியிருந்தது. 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது, அது செல்லாது என்று அறிவியுங்கள் என்று கேட்பதானால் மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மதுரையில் அதற்கு ஓர் அமர்வு இருக்கிறது.

இரண்டாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் தேவையா?

உண்மையைச் சொன்னால், மாவட்ட ஆணையம் வரை போக எனக்குப் பொறுமை இருக்காது. உத்தரவு வாங்கினாலும் இங்கே அலுவலகமே இல்லாத நிறுவனத்திடம் வசூலிப்பது தனிப் பாடு. ஆனால் 1915-க்குப் பத்து நிமிடம் செலவழிப்பேன். ஒரே கேமைப் பற்றி நிறைய புகார் சேர்ந்தால், தனி ஆளுக்காக இல்லாமல் மொத்த நுகர்வோருக்காகவும் நடவடிக்கை எடுக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஹெல்டைவர்ஸில் சோனியை அசைத்ததும் வழக்கு இல்லை, எண்ணிக்கைதான்.

என் மகனுக்குப் பதினான்கு வயசு. பிறந்த வருஷத்தைக் குறைத்துப் போட்டுக் கணக்குத் திறந்திருக்கிறான். தப்பா?

ஒரு அம்மா கேட்டது. தப்புத்தான், ஊரில் பாதிப் பிள்ளைகள் செய்வதும் அதுதான். நம் சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டுக்குக் கீழே உள்ளவரின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கட்டம்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

பொய் வயதில் திறந்த கணக்கு தொலைந்தால் மீட்பது சிரமம். அடையாள அட்டை கேட்டால் பிறந்த தேதி ஒத்துப்போகாது. கணக்கை அம்மாவோ அப்பாவோ தம் பெயரில் திறந்து, அதற்குக் கீழே பிள்ளைக்குக் குடும்பக் கணக்காக எடுத்துக் கொடுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது.

ஃபோன் கேமுக்கு?

கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளே பார்க்கும், அதற்குப் பிறகு கேம் செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். ஃபோன் கேம்களில் கெஸ்ட் என்று ஒரு வழி இருக்கும். கணக்கே வேண்டாம் என்று பிள்ளைகள் அதில் ஆடிக் காசும் போடுவார்கள். ஃபோனை ரீசெட் செய்த அன்று எல்லாம் போய்விடும். காசு போடுகிற கேம் என்றால், எனக்குக் கணக்குப் பிடிக்காவிட்டாலும், கணக்கோடு இணைக்கத்தான் சொல்வேன்.

இன்ஸ்டாவில் 250 ரூபாய்க்கே கேம் கிடைக்கிறதே?

அது கேம் இல்லை, யாரோ ஒருவரின் கணக்குக்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும் அனுமதி. ஆஃப்லைன் ஆக்டிவேஷன் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். ஒரே கணக்கை நூறு பேருக்குக் கொடுப்பார்கள். மூன்றாம் தரப்புக் கணக்கு கேட்கும் கேம் என்றால் அடுத்த குறியீடு விற்றவனின் மின்னஞ்சலுக்குப் போகும், அவன் அதற்குள் உங்களைப் பிளாக் செய்திருப்பான். போன மாதம் மட்டும் இப்படி ஏமாந்து மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள். கடையும் இல்லை, பில்லும் இல்லை, ரீஃபண்ட் யாரிடம் கேட்பது?

இன்னொரு கணக்கே வேண்டாத கேம் இருக்கிறதா?

இருக்கிறது. ஜிஓஜியில் வாங்கினால் கேமின் கோப்பை இறக்கி வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமலும் நிறுவிக்கொள்ளலாம். புதுப் பெரிய கேம்கள் அங்கே குறைவு. எந்தக் கடையிலும் நாம் வாங்குவது ஆடுவதற்கான உரிமம்தான். 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே வாங்கப் போகும் பொருட்களைக் காட்டும் பக்கத்தில் அப்படி எழுதி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வந்த ஒரு சட்டத்தின் தள்ளுதலில் எழுதினார்கள். எழுதாத காலத்திலும் நிலைமை அதுதான். யுபிசாஃப்டின் தி க்ரூ என்ற கேம் 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதோடு போனது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வைத்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால் எப்படித் திறப்பது?

கேமுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு. கட்டாயம் இல்லாத இடத்தில் கார்டு எண்ணைச் சேமிக்காதீர்கள். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை உடைத்து சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரத்துக்குள் புகுந்தார்கள், சேவை மூன்று வாரத்துக்கும் மேல் நின்றது. ஒரு கேமுக்காகத் திறந்து மறந்துபோன கணக்கிலும் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் கிடக்கும் இல்லையா, ஆடி முடித்ததும் மூடிவிடுங்கள்.

உங்கள் கடைக்கு வந்தால் ரீஃபண்ட் போட்டுத் தருவீர்களா?

தருவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. வாங்கியபோது வந்த பில் மின்னஞ்சல், தகராறு செய்யும் திரையின் ஸ்கிரீன்ஷாட், கணக்கில் பதிந்த ஃபோன் மூன்றும் கையோடு கொண்டுவாருங்கள். கடவுச்சொல்லை என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். பதினான்காவது நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து ஷட்டரைத் தட்டாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கும் அன்று கடை திறந்திருந்தாலும் சிஸ்டம் ஓடாது.